கனமில்லாத பாறை

ஜனவரி 9, திங்கள்

தினமும் ஐந்து வரி எழுத வேண்டுமாம். ஃபிசியோதெரபிக்கு வரும் பெண் இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். வலது கை விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன, எழுதி எழுதித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறாள். என்ன எழுத என்று கேட்டேன். "என்ன வேணா எழுதுங்க அங்கிள், நான் படிக்க மாட்டேன்" என்றாள். படிக்காதவள் எதற்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாள் என்று தெரியவில்லை. ஐந்து வரி ஆகிவிட்டது.

ஜனவரி 10, செவ்வாய்

கை வலிக்கிறது. இன்று ஒரு வரிதான்.

ஜனவரி 12, வியாழன்

யாராவது படித்துத் தொலைத்தால் விவரம் தெரிய வேண்டும். என் பெயர் காஸ்பர். வயது நாற்பத்து மூன்று. தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருடம் சங்கு குளித்தவன். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து ஒரு குழாய் இறங்கி என் வாய்க்கு வரும். அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பாகம், அதாவது அறுபது எழுபது அடி, ஆழத்தில் நடந்து சங்கு பொறுக்குவது தொழில். போன மார்ச்சில் ஒரு நாள் அவசரமாக மேலே வந்துவிட்டேன். ஆழத்திலிருந்து அப்படி வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டது. கால் இரண்டும் இருக்கின்றன, சொன்ன பேச்சைத்தான் கேட்பதில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து பின்வாசல் வரை போவேன். முன்வாசலைத் தாண்டிப் பத்து மாதம் ஆகிறது. தாண்டி என்ன ஆகப்போகிறது, வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது.

மனைவி டெல்பின் பின்னறையில் பல் செட் செய்கிறாள். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவள் ரோஸ் நிற ஈறும் வெள்ளைப் பல்லுமாகச் செய்து அனுப்புவாள். ஊரில் பாதிப் பெரிய மனிதர்கள் சிரிப்பது இவள் கைவண்ணத்தில்தான்.

இன்று டாக்டர் பிரமநாயகம் வந்தார். பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் குழந்தைகளுக்கென்று தனியாகப் பல் கிளினிக் திறக்கிறார். காத்திருக்கும் இடத்தில் நாலடி நீளத்துக்குக் கடல்நீர் மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று ஆசை. தொட்டி வந்துவிட்டது. உள்ளே வைக்கப் பாறைதான் இல்லை. நிஜப் பவளப்பாறையைக் கடலிலிருந்து எடுத்தால் ஜெயில். கடையில் விற்கிற கல் கனம். பழைய தளம் என்பதால், தண்ணீரும் தொட்டியும் போக முப்பது கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று இன்ஜினியர் சொல்லிவிட்டாராம்.

"ஏம்மா டெல்பின், நீ வாய்க்குள்ள வைக்கிற சாமானே செய்யுத. தொட்டிக்குள்ள வைக்கிறது செய்ய மாட்டியா?"

செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு பாறையை நேரில் பார்த்தவள் இல்லை. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியவளும் இல்லை.

ஜனவரி 15, ஞாயிறு

தஸ்நேவிஸ் கரும்போடு வந்தான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதாவது கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிற நேரத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். பீடி வாசனை போகக் கொஞ்ச நேரம் ஆகும்.

அவனும் நானும் ஒரே வயது, ஒரே படகு. நான் கீழே போனால் மேலே கம்ப்ரசரையும் என் கயிற்றையும் பார்த்துக்கொள்வது அவன். அன்றைக்கும் அவன்தான். கம்ப்ரசர் நின்று காற்று வராமல் போனதால்தான் நான் அப்படி ஏறி வந்தேன் என்று ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு எந்தப் போட்டுக்காரரும் அவனைக் கம்ப்ரசர் பக்கம் சேர்ப்பதில்லை. அவனும் போய்க் கேட்பதில்லை. உப்புக் குடோனில் மூட்டை தூக்குகிறான்.

டெல்பின் அவனுக்குக் காப்பிகூடக் கொடுப்பதில்லை. வேலை மட்டும் வைப்பாள். சிமெண்ட் வாங்கி வா, கேன் தூக்கி வா என்று. அவனும் எதையும் மறுப்பதில்லை.

ஜனவரி 18, புதன்

டெல்பினின் முதல் பாறைகள் தயார். பல் அச்சு வார்க்கிற வெள்ளை மாவில் செய்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழுவழுவென்று வைத்திருக்கிறாள். ஐந்து பாறைகள். நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?"

"ஏட்டி, இது அஞ்சும் கடவாப் பல்லு."

கோபம் வந்துவிட்டது அவளுக்கு. உண்மையைத்தான் சொன்னேன். நாலு முனை, நடுவில் பள்ளம், கீழே இரண்டு வேர். அவள் கை தானாக அப்படித்தான் போகும் போலிருக்கிறது. கடல்நீர் நிரப்பிய வாளியில் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறாள்.

ஜனவரி 20, வெள்ளி

கடவாய்ப்பல் கரைந்து வாளி மோர் ஆகிவிட்டது. சிரித்தேன். மூன்று மணி நேரம் பேசவில்லை அவள்.

ஜனவரி 24, செவ்வாய்

சென்னையிலிருந்து பார்சலில் பிளாஸ்டிக் பாறை வரவழைத்தார் டாக்டர். கனமே இல்லை, அது நிஜம். ஆனால் கல்யாண மண்டபத்து வரவேற்பில் வைக்கிற சாமான் போல இருக்கிறது. உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்ததும் ஊதாச் சாயம் தனியாக, பாறை தனியாக.

மாலையில் டெல்பினுக்கு ஒரு போன். பேரைச் சொல்லாமல் எவனோ, நிஜப் பாறையே கொண்டுவந்து தருகிறேன், தண்ணீரில் போட்டால் அதுவே உயிரோடு வளரும் என்கிறான். அவள் என்னைப் பார்த்தாள். போனை வாங்கி வைத்துவிட்டேன்.

பதினேழு வயதில் நானும் கடப்பாரையோடு இறங்கிப் பாறை உடைத்திருக்கிறேன். சுண்ணாம்புச் சூளைக்கு அப்போது படகு படகாகப் போகும். ஒரு பாறையை உடைத்து எடுத்தால் அதில் குடியிருந்தது அத்தனையும் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும். மறுநாள் போனாலும் நிற்கும். அதைச் சொன்னேன். ரொம்ப நாள் கழித்து அவளிடம் கடலைப் பற்றி ஏதோ பேசியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஜனவரி 27, வெள்ளி

டெல்பின் புது வழி கண்டுபிடித்திருக்கிறாள். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. பழைய நைலான் வலையைக் கசக்கி, பாறை வடிவத்துக்குக் கட்டி, அதன்மேல் வெள்ளைச் சிமெண்டும் மணலும் பூச வேண்டும். காய்ந்தபின் பல் செட்டுக்குப் போடும் ரோஸ் பொடியை மெல்லிசாக ஏற்ற வேண்டும். இது நல்ல யோசனைதான், அவளிடம் சொல்லவில்லை. ரொம்ப வருடம் கிடந்த பாறைமேல் அந்த நிறத்தில்தான் பாசி படியும்.

தஸ்நேவிஸ் ஒரு சாக்கு நிறையக் கிழிந்த வலை கொண்டுவந்து போட்டான். டெல்பின் ஒரு துண்டை எடுத்து என் மடியில் வைத்து, "பாறை எப்படி இருக்கும்னு நீங்க கசக்கிக் காட்டுங்க" என்றாள்.

தள்ளிவிட்டேன். நாற்றம் என்றேன். நாற்றம்தான், பழைய வலை வேறு எப்படி இருக்கும். சட்டை முழுக்க வேர்த்துவிட்டது. மின்விசிறி சரியாக ஓடவில்லை.

ஜனவரி 28, சனி

மின்விசிறி நன்றாகத்தான் ஓடுகிறது.

ஜனவரி 31, செவ்வாய்

படம் வரைந்து கொடுத்தேன். வலையைத் தொடாமல் செய்யக்கூடியது அதுதான். மரத்த விரலால் வரைந்தால் கோடு கோணலாகப் போகும். பாறைக்குக் கோணல்தான் வேண்டும்.

அவளுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாறைக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. மேலே விரியும், கீழே ஒடுங்கும், அடியில் ஆள் படுக்கிற அளவுக்கு நிழல் இருக்கும். ஒரு வாசலில் நுழைகிற மீன் இன்னொரு வாசலில் வெளியேற வேண்டும், ஒரே வாசல் உள்ள குகையில் புத்தியுள்ள மீன் நுழையாது. இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பார்த்தால் பூசியதை எல்லாம் ஈரத்துணியால் வழித்து வழுவழுப்பாக்கிக்கொண்டிருக்கிறாள்.

"கைய எடு. சொரசொரன்னு இருக்கட்டும்."

"இருவது வருசமா வழிச்சே பழகின கைங்க. செட்டுல ஒரு ஊசித் துளை இருந்தாக்கூட எச்சி எறங்கி நாறிப்போவும். அத டாக்டர் திருப்பி அனுப்பிருவாரு."

"பாறைய எவன் வாயில வைக்கப்போறான்?"

சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன் போல. சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு தட்டு சோறு இறங்கியது.

பிப்ரவரி 4, சனி

ஏழு பாறைகள். கொல்லையில் மூன்று தொட்டிகளில் ஊறுகின்றன. சிமெண்டின் காரம் இறங்கும்வரை தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மீன் செத்துப்போகும். மாற்றுவது தஸ்நேவிஸ். குடோன் வேலை முடிந்து சாயங்காலம் வந்து முப்பது குடம் இறைத்து ஊற்றுகிறான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இளைத்துவிட்டான்.

டெல்பின் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "தெருவுல ஜெனரேட்டர் ஓடினாக்கூட அவருக்குக் கை நடுங்குதாம். அவர் பொண்டாட்டி சொன்னா. நடுங்கட்டும்னு விட்டுட்டேன்."

அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 7, செவ்வாய்

டெல்பின் கடைக்குப் போனதும் சாக்கிலிருந்து ஒரு வலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் வைத்திருந்தேன். வேர்த்தது, பிறகு நின்றது. அதனால் இதை எழுதுகிறேன்.

அன்று காற்று நிற்கவில்லை.

நன்றாக வந்துகொண்டிருந்தது. அடியில் கலங்கல். இடுப்புக்குமேல் ஏதோ வந்து உரசியது, தோளில் சுற்றியது. அறுந்துபோன வலைத்துண்டு, இரண்டு முழம்கூட இருக்காது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் குளித்தவன், நின்று கையால் எடுத்துப் போட வேண்டியதைப் போடாமல், குழாயைத் துப்பிவிட்டு மேலே பாய்ந்தேன். படகில் தூக்கிப் போட்டபோது எல்லோரும் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்றார்கள். இரண்டு முழம் வலைக்குப் பயந்தேன் என்று எப்படிச் சொல்வது? காற்று வரவில்லை என்றேன். மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அது ஊர் முழுக்க உண்மையாகியிருந்தது.

பிப்ரவரி 8, புதன்

நேற்றைய பக்கத்தைக் கிழிக்க எடுத்தேன். கிழிக்கவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

இன்று கண்ணை மூடவில்லை. தஸ்நேவிஸ் வந்ததும் நான் விழித்திருப்பதைப் பார்த்து ஸ்டூலில் உட்காராமல் நின்றான். உட்காரச் சொன்னேன். பாறை நல்லா வந்திருக்கு மக்கா என்றான். ஆமாம் என்றேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அன்னைக்கு நான் பீடி பத்த வைக்கத் திரும்புனேன் மக்கா. காத்துக்கு மறைச்சிப் பத்த வச்சேன். அந்த நேரத்துலதான் கம்ப்ரசர் பெல்ட் வழுக்கி மறுபடி பிடிச்சிருக்கு. எனக்குச் சத்தம் கேக்கல. தெனம் ராத்திரி அந்தத் தீப்பெட்டிதான் கண்ணுல நிக்கி."

பெல்ட் வழுக்கவே இல்லை. நடக்காத ஒன்றை இவனே உண்டாக்கி, அதைப் பத்து மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறான்.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். "விடு மக்கா" என்றேன். அவன் கையைத் தட்டிக்கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்பதுபோலத் தட்டிக்கொடுத்தேன். அவன் அழுதுவிட்டுப் போனான். இப்படி ஒரு அற்பப் பயலை நான் இதுவரை பார்த்ததில்லை.

பிப்ரவரி 15, புதன்

தண்ணீரில் காரம் இறங்கிவிட்டது. சோதனைத் தாளை டெல்பின் மூன்று முறை நனைத்துப் பார்த்தாள். ஏழு பாறையும் சேர்த்துப் பதினோரு கிலோ. இன்ஜினியர் சொன்னதில் பாதிகூட இல்லை. தராசு பக்கத்திலேயே நின்று ரசித்தாள். சனிக்கிழமை தொட்டியில் அடுக்குகிறார்கள், திங்கள் திறப்பு. "நீங்களும் வாங்களேன்" என்றாள். பத்தொன்பது படியாம். போனில் படம் காட்டினாள். மூன்று படி என்றாலும் யோசிப்பேன் என்று சொன்னேன்.

பிப்ரவரி 18, சனி

கை ஓய்கிறவரை எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு டெல்பின் போன் செய்தாள். "பாறை மிதக்குதுங்க." தொட்டியில் அடுக்கித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பாதி ஏறியதும் ஏழும் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே வந்து நின்றுவிட்டனவாம். டாக்டர் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம்.

கனம், கனம் என்றே ஒரு மாதமாகப் பேசியிருக்கிறோம். மிதக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அவளை விடுங்கள். இடுப்பில் ஈயம் கட்டாமல் ஒரு நாளும் இறங்காத எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

எந்தப் பக்கம் தூக்குகிறது, குமிழி வருகிறதா என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "வந்து பாருங்களேன்" என்றாள். சரி என்று என் வாய்தான் சொன்னது. பாறையை ஏற்றிவிட உடன் போயிருந்த தஸ்நேவிஸ் ஆட்டோவோடு வந்தான். முன்வாசலைத் தாண்டும்போது வெயில் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை. இதற்குத்தான் பத்து மாதம்.

படி குறுகல். வாக்கர் நுழையாது. தஸ்நேவிஸ் என் கையைத் தோளில் போட்டு, இடுப்பைப் பிடித்து ஏற்றினான். எண்ணிக்கொண்டே ஏறினோம். பதினொன்றாம் படியில் நான் மூச்சு வாங்க நின்றேன். அவன் நெற்றியிலிருந்து வேர்வை என் கையில் சொட்டியது. இனி அவன்மேல் சாய்ந்துகொண்டு ஒரு படிகூட ஏற முடியாது என்று ஆகிவிட்டது.

"மக்கா, அன்னைக்குக் காத்து நிக்கல."

"என்னது?"

"காத்து நல்லா வந்துக்கிட்டுதான் இருந்துச்சி. வலைத் துண்டு ஒண்ணு மேல சுத்திச்சி. பயந்துட்டேன். குழாயத் துப்பிட்டு வந்தேன்."

அவன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"காத்து வரலன்னு படகுல சொன்னியேல."

"வெக்கமா இருந்துச்சி. சொன்னேன்."

"நான் பீடி பத்த வச்சது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ ஒரு தப்பும் பண்ணல."

என் கையைத் தோளிலிருந்து எடுத்தான். சுவரோடு சாய்த்து என்னைப் படியில் உட்கார வைத்தான். மெதுவாகத்தான் உட்கார வைத்தான், அதையும் எழுத வேண்டும். இரண்டு படி இறங்கித் திரும்பினான்.

"போன ஞாயித்துக்கெழம என் கையத் தட்டிக் குடுத்தியேல" என்றான். இறங்கிப் போய்விட்டான்.

மேலே பார்த்தால் டெல்பின் நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அவளும் இறங்கி வரவில்லை. மீதி எட்டுப் படி. திரும்பி உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக உடம்பை ஏற்றினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உச்சியில் போய்ச் சேர்ந்ததும் அவள் என் கண்ணைப் பார்க்காமல், "வாங்க, அங்க இருக்கு" என்றாள்.

தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டார்கள். ஒரு பாறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நான் வரைந்து கொடுத்த வாசல்கள் எல்லாம் இருந்தன. ஆனால் கொல்லைத் தொட்டியில் ஊறும்போது தண்ணீர் புகுந்த சின்னத் துளைகளை, எடுத்துக் காயவைத்தபின், அடிப்பக்கம், மேல்பக்கம் எல்லாம் சேர்த்து, ரோஸ் பொடி குழைத்துச் சுத்தமாக அடைத்திருந்தாள். ஒரு ஊசித் துளை இல்லை. இருபது வருடப் பழக்கம். உள்ளே அடைபட்ட காற்று அத்தனையும் வெளியேற வழியில்லாமல் கிடந்தது.

"துளை போடணும். உச்சியில ரெண்டு, அடியில நாலு."

டாக்டர் தன் பல் குடைகிற மிஷினையே எடுத்துவந்தார். புது நாற்காலியில் முதல் நோயாளியாகப் பாறையைப் படுக்கவைத்து, விளக்கை இழுத்து, அவரே குடைந்தார். வாயை நல்லாத் திற என்று பழக்க தோஷத்தில் சொல்லியும் விட்டார். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நான் கையை விட்டேன். தோள்வரை உப்புத் தண்ணீர். விரல் நுனியில் சுருக்கென்றது. பாறையைத் திருப்பியபோது சிமெண்ட் கிழித்திருந்த இடத்தில் எரிந்தது, எரிந்தது எனக்குத் தெரிந்தது. பாறையை ஒரே அமுக்காக அமுக்கக் கூடாது. ஒரு பக்கம் சாய்த்து, கொஞ்சம் இறக்கி, குமிழி வரவிட்டு, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் இறக்க வேண்டும். ஒரு பாறைக்குக் கால் மணி நேரம். டாக்டர் அவசரப்பட்டார். மெதுவாகத்தான் வரும் டாக்டர் என்றேன். ஏழையும் அப்படியே இறக்கி அடியில் உட்கார வைத்தோம். சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசிக் குமிழி வந்து உடைந்தது.

மீன் விட இன்னும் ஒரு மாதம் ஆகும், தண்ணீர் பக்குவப்பட வேண்டும் என்று சொன்னதும் டாக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை வருகிற பிள்ளைகள் பாறையைப் பார்க்கட்டும். நல்ல பாறை.

ஆட்டோக்காரரும் டாக்டரும் என்னை இறக்கிவிட்டார்கள். வீட்டில் டெல்பின் சோறு போட்டாள். "நாளைக்குப் பேசுதேன். இன்னைக்கு என்னால முடியாது" என்றாள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

தஸ்நேவிஸ் வரவில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது.

டெல்பின் பூசை முடிந்து நேரே அவன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். "பத்து மாசமா அந்த மனுசனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்கல. செபமால உருட்டும்போதெல்லாம் அவரச் சபிச்சிருக்கேன். கால்ல விழாத கொறையாக் கேட்டுட்டு வந்துட்டேன். உங்களுக்காகக் கேக்கல, எனக்காகக் கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"அவர் ஒண்ணும் சொல்லல. அவர் பொண்டாட்டிதான் கேட்டா. எங்க வீட்டுக்குள்ள வந்து சொல்லுதிய, இத ஊருக்கு யாரு சொல்லுவான்னு கேட்டா."

நியாயமான கேள்வி.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

மாதா கோயிலுக்குப் போனேன். டெல்பினே வாக்கரை எடுத்து ஆட்டோவில் வைத்தாள். நெற்றியில் சாம்பல் வாங்கிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போட்டுக்காரர்கள் கூடி நிற்கிற இடத்துக்குப் போனேன். அந்த இடத்தைத் தெரிந்துதான் போனேன். மொத்தா அண்ணன், அவர் படகில்தான் நாங்கள் போவது, "வாடே காஸ்பரு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏழெட்டுப் பேர் சூழ்ந்துவிட்டார்கள்.

"அண்ணே, அன்னைக்குக் கம்ப்ரசர் நிக்கல. தஸ்நேவிஸ் பேர்ல ஒரு குத்தமும் இல்ல. வலைத் துண்டப் பாத்துப் பயந்துபோய் நானாத்தான் பாஞ்சி வந்தேன். பொய் சொல்லிட்டேன்."

ஒருவர் தரையைப் பார்த்தார். மொத்தா அண்ணன் என் கையை விட்டுவிட்டார். "இத இப்ப சொல்லுத" என்றார். ஆமாண்ணே, இப்பதான் சொல்லுதேன் என்றேன். திரும்பி நடக்கும்போது முதுகில் எல்லோர் கண்ணும் இருந்தது. ஆட்டோ நிறுத்தியிருந்த இடம் தூரம். நடந்தே போனேன்.

கூட்டத்தில் ஒரு ஓரமாக தஸ்நேவிஸும் நின்றிருந்தான் என்று டெல்பின் பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 25, சனி

ஃபிசியோதெரபி பெண் வந்தாள். விரல்களை மடக்கிப் பார்த்து, நல்லாத் தேறிட்டீங்க என்றாள். ஐந்து வரி எழுதுறீங்களா என்று கேட்டாள். சில நாள் கூடப் போகிறது என்றேன்.

திருச்செந்தூர் ரோட்டில் இன்னொரு டாக்டர் தொட்டிக்குப் பாறை கேட்டாராம். டெல்பின் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் காகிதத்தையும் பென்சிலையும் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்த முறை வலையையும் நானே கசக்கிக் கட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 27, திங்கள்

விடியற்காலையில் டெல்பின் என்னை எழுப்பினாள். "மொத்தா அண்ணன் ஆளனுப்பி தஸ்நேவிஸ் அண்ணனக் கூப்ட்டிருக்காரு. இன்னைக்குப் போறாங்களாம். கெளம்புங்க."

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெளிச்சம். வாக்கர் மணலில் இறங்காது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருந்தது. நடுவில் கம்ப்ரசர். அதன் பக்கத்தில் அவன், கையில் குழாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

மிஷினை இழுத்துவிட்டான். முதல் இழுப்பில் ஓடவில்லை. இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டு தடதடவென்று ஓடியது, கரைவரை கேட்டது. அவன் கை நடுங்கியதா என்று இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. ஓடவிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"உங்களப் பாத்துட்டாரு" என்றாள் டெல்பின். "கையக் காட்டுங்க."

காட்டினேன். அவன் காட்டவில்லை. அதற்குப் பிறகு கரையையே பார்க்கவில்லை, பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பதும் குழாயைப் பார்ப்பதும் குளிக்கப் போகிற ஆளைப் பார்ப்பதுமாக இருந்தான். டெல்பினுக்கு வருத்தம். எனக்கு அப்படி இல்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழே ஒருத்தன் இறங்கப்போகும்போது, கம்ப்ரசர் பார்க்கிறவன் கரையைப் பார்க்கக் கூடாது.